நாப்பது சுத்து

வா நைனா, குந்து. காலையில நீ ஓட்டிக்கிட்டு வந்து வேப்பமரத்தடியில நிறுத்தியிருக்கியே ஒண்ணு, அதைச் சுத்திப் பார்க்க ஊரே வந்துட்டுப் போச்சு. நானும் போனேன். ஒம்பது கொழு, ஒம்பது குழாய், மேல விதைப் பெட்டி, பக்கத்துல ஒரு இரும்புச் சக்கரம். தொட்டுக் கும்பிட்டுக்கிட்டேன். விதையை எண்ணி எண்ணிப் போடுமாமே? நல்லது. இந்த வூட்டுல எண்ணிச் செலவு பண்ற ஆள் இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை, இரும்புலயாவது ஒண்ணு வந்துதே.

பேரு இன்னா சொன்னே, துல்லிய விதைப்பானா? நாங்க கொர்ருன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிடுவோம். வரிசையா கொழு வச்ச ஒரு மரம், ஒவ்வொரு கொழுவுக்கும் ஒரு மூங்கில் குழாய், எல்லாக் குழாயும் மேல ஒரு மரக்கிண்ணத்துல வந்து சேரும். முன்னால மாடு, பின்னால உங்க பாட்டி. கிண்ணத்துல விரலிடுக்கால விதையை விட்டுக்கிட்டே நடப்பா. அவ விரல்தான் மீட்டரு. காலையில என்கூட சண்டை போட்டிருந்தா மட்டும் சால்ல விதை அடர்த்தியா விழும். அந்த வருஷம் பயிர் கலைக்கிறப்ப எனக்கு இடுப்பு ஒடியும்.

விதைக்கிற மிசினை 1701ல ஜெத்ரோ டல்லுன்னு ஒரு இங்கிலீஷ்காரன் கண்டுபிடிச்சான்னு நேத்து எனக்குப் பாடம் நடத்தினே. கேட்டுக்கிட்டேன். பதிலுக்கு ஒண்ணு சொல்லட்டா? 1790கள்ல ஹால்காட்டுன்னு ஒரு கும்பினிக் கேப்டன் இதே தெலுங்கு சீமையில குதிரையில போறான். வழியில ஒரு கொல்லையில கொர்ரு ஓடுது. அதுநாள் வரைக்கும் அது ஐரோப்பாக்காரன் புதுசா செஞ்ச வித்தைன்னு நம்பியிருந்தவன், விசாரிச்சுப் பார்த்தா, இங்க எந்தக் காலத்துலேர்ந்தோ இப்படித்தான் விதைக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. லண்டன்ல இருந்த விவசாய போர்டுக்கு எழுதிப் போட்டுட்டான். தரம்பால் 1971ல கொண்டுவந்த புத்தகத்துல அந்தக் கடுதாசி இருக்குது, உங்க சித்தப்பன் படிச்சுக் காட்டினான். எனக்கு அதுல பிடிச்சது ஒண்ணுதான். குதிரையில போறவன் நின்னு கேட்டான். நீ அந்த டிராக்டர்ல என் வாசல் வழியா மூணு தடவை போனே.

சரி, கோவிச்சுக்காதே. மிசின் மேல எனக்குக் கோபமில்லை. ஹைதராபாத்துல இருக்கிற மானாவாரி ஆராய்ச்சிக்காரங்க, கிரிடாவுல, இதே மாதிரி ஒம்பது கொழு வச்சது செஞ்சிருக்காங்க. பெட்டிக்குள்ள சாய்வா ஒரு தட்டு, தட்டு ஓரத்துல சின்னச் சின்னப் பள்ளம். சக்கரம் சுத்தினா தட்டும் சுத்தும். குவியல்ல முங்கி ஒவ்வொரு பள்ளமும் விதையை ஏந்திக்கிட்டு மேல வரும், அதிகப்படியா ஏறினது சரிஞ்சு கீழ விழுந்துடும், மிச்சம் குழாய்க்குள்ள. நம்ம ஏழுமலையான் கோயில் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ்தான் இது. கூட்டத்தை அறை அறையா அடைச்சு வச்சு, அளவா திறந்து விடறாங்க இல்ல? சந்நிதியில ஒருத்தர் நிப்பாரே, தோள்ல கை வச்சு ஜருகண்டி ஜருகண்டின்னு தள்ளறவர், அவர் வேலையை இதுல சாய்மானம் பார்க்குது.

வேர்க்கடலைக்கு இது பேஷா நடக்கும். கடலை குண்டு ஆசாமி, ஒரு பள்ளத்துல ஒருத்தர்தான் உட்கார முடியும். நீ போடப்போறது கேழ்வரகு. ஒரு கடலைப் பருப்பு எடைக்கு நூறு கேழ்வரகு நிக்கும். ஒரு பள்ளத்துல நாலு பேர் ஏறிக் குந்திக்கினு, நாங்க ஒரே குடும்பம்னு சொல்லுவாங்க. ஆயிரம் கேழ்வரகு ஏறக்குறைய 3 கிராம். கிலோவுக்கு மூணேகால் லட்சம் விதை. அடிக்கு ஒரு சால், சால்ல பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பயிர்னு விட்டா ஏக்கருக்கு 1,35,000 பயிர் போதும். நாம வழக்கமா போடறது 4 கிலோ, அதாவது 13 லட்சம் விதை. பத்துல ஒண்ணு பொழைக்க, ஒம்பதைப் புடுங்க கூலி. இந்தக் கணக்கை நீ பேங்க்ல சொல்லி லோன் கேட்டிருந்தா மேனேஜர் எழுந்து நின்னிருப்பார்.

ஆனா விதை மிச்சமாகும்னு மட்டும் ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாதே. ரெண்டு கிலோ கேழ்வரகு மிச்சம் பிடிக்க ஒரு டிராக்டரான்னு சிரிப்பாங்க. மிச்சம் வேற இடத்துல. சால் நேரா வந்தா இடையில களை வெட்டற குண்டக்கா ஓட்டலாம், களைக்கு ஆள் தேடி அலைய வேணாம். சால் கோணினா குண்டக்கா களையை விட்டுட்டுப் பயிரை அறுக்கும். கை கால் கோணினா பக்கத்துல புத்தூர் கட்டு இருக்குது. கோணல் சாலுக்குக் கட்டு போட அங்கயும் ஆள் இல்லை.

இப்ப உனக்கு நல்ல யோசனை நாலு சொல்றேன், நோட்டுல எழுதிக்கோ. விதையைப் புடைக்காதே, தூசியும் உமியுமா அப்படியே கொட்டு. பள்ளம் அடைச்சுக்கும், விதையும் விழாது, அதைவிட சிக்கனம் எதுல வரும்? கடலைக்குப் போட்ட தட்டையே கேழ்வரகுக்கும் வச்சுக்கோ, தட்டு மாத்தறதுக்குள்ள மழை போயிடுமே. கொழுவை நல்லா ஆழமா இறக்கு. கேழ்வரகு ரெண்டு மூணு சென்டிமீட்டருக்குக் கீழ போனா மூச்சு முட்டி நின்னுக்கும், நமக்குப் பயிர் கலைக்கிற வேலை குறையும். நம்மது செம்மண்ணு வேற. விதைச்ச மறுநாள் ஒரு மழை அடிச்சு வெயில் காய்ஞ்சா மேல அப்பளம் மாதிரி பொருக்கு கட்டும், ஆழத்துல கிடக்கிற பொடிசு அதை முட்டி முட்டி அங்கயே அடங்கிடும். நாலாவது, டிராக்டரைப் பறக்க விடு. மணிக்கணக்கு வாடகையாச்சே. தட்டு வேகமா சுத்தினா பள்ளத்துல விதை ஏற நேரமிருக்காது. அங்கங்க திட்டு திட்டா விட்டுப்போய், கல்யாணக்கட்டாவுல பாதி மழிக்கிறப்ப பிளேடு தீர்ந்த தலை மாதிரி நிக்கும் உன் கொல்லை. பார்க்கறவங்க கோவிந்தா போடுவாங்க.

சிரிக்கிறியா? அப்ப கேளு. அந்தப் பொடிசை ஒண்டி ஒண்டியா விழ வைக்க வழி இருக்குது. வெளிநாட்டுல கேரட் விதைக்குக் களிமண் பூசி உருண்டை பிடிச்சு விக்கிறாங்க, மிசின் பிடிக்கிறதுக்குத் தோதா. இங்க இயற்கை விவசாயம் பண்றவங்களும் நவதானிய விதைக்கு மண்ணும் சாம்பலும் ஜீவாமிர்தமும் பூசித்தானே மழைக்கு முன்னாடியே தூவறாங்க. திருப்பதிக்குப் பக்கத்துல குடியிருந்துக்கினு லட்டு பிடிக்கத் தெரியாதுன்னா எப்படி? அதுக்குப் பொறுமை இல்லேன்னா சலிச்ச மணலைக் கலந்து போடு. ஆனா தட்டு வச்ச மிசினுக்கு மணல் ஆகாது, தேய்ச்சுத் தின்னுடும். மணலெல்லாம் பாட்டி விரலுக்குத்தான் ஆகும்.

விதை எங்க வாங்கினே? பெருமாள்ளப்பள்ளி ஆராய்ச்சி நிலையத்து வகுளாவா? நல்ல ரகம். வகுளமாதா பெருமாளையே வளர்த்தவ, உன்னையும் பார்த்துக்குவா. ஆனா அவ பேரைச் சொல்லிட்டு நேரா கொல்லைக்குள்ள இறங்கிடாதே. முதல்ல வாசல்ல நாப்பது பிரதட்சணம் பண்ணணும். நீ இல்லடா, சக்கரம்.

மிசினைக் கல்லு மேல தூக்கி நிறுத்து, சக்கரம் தரையில படாம. ஒம்பது குழாய்க்குக் கீழயும் ஒம்பது பை கட்டு. சக்கரத்தைக் கையால நாப்பது சுத்து சுத்து. உன் சக்கரத்தை நான் காலையில நூல் பிடிச்சு அளந்துட்டேன், குறுக்களவு 40 சென்டிமீட்டர். ஒரு சுத்துக்கு ஒண்ணேகால் மீட்டர், நாப்பதுக்கு 50 மீட்டர். ஒம்பது சால் அகலம் 2.7 மீட்டர். பெருக்கினா 135 சதுர மீட்டர், ஏக்கர்ல முப்பதுல ஒரு பங்கு. 4 கிலோ விழணும்னா ஒம்பது பையும் சேர்த்து 133 கிராம் இருக்கணும், பைக்கு 15 கிராம் சுமார். ரெண்டு கிலோ போதும்னா அதுல பாதி. எந்தப் பை தனியா குறையுதோ அந்தக் குழாய்ல குளவி கூடு கட்டியிருக்குது. நிலத்துல சக்கரம் கொஞ்சம் வழுக்கும், அதனால விழறது இதைவிடக் குறையும். ஈரம் அதிகமான மண்ணுல கொழு வாயில மண் அப்பிக்கும், ஒவ்வொரு திருப்பத்துலயும் இறங்கிப் பார்க்கணும். ஆமாம், இறங்கி.

தராசா? நகைக்கடைத் தராசு எதுக்கு, பையை உங்க பாட்டிகிட்ட குடு. கையில ஏந்திச் சொல்லிடுவா. அப்புறம் நீ தராசுல வச்சுப் பார்த்துக்கோ, எனக்கும் அவளுக்கும் அதுல ஒரு பந்தயம் இருக்குது.

இன்னொண்ணு. எட்டுச் சால் கேழ்வரகு, ஊடால ஒரு அக்கடிச் சால் துவரை, இது நம்ம வூட்டு வழக்கம். மிருகசிரா கார்த்தி மழை ஏமாத்தினாலும் துவரை காப்பாத்தும். ஒரு குழாயை அடைச்சுடு, அந்தச் சால்ல பாட்டி மடியில துவரை கட்டிக்கிட்டு நடப்பா. எந்தக் குழாயை அடைப்பே? கடைசிக் குழாயா? நினைச்சேன். கடைசியை அடைச்சுட்டு ஓட்டிப் போய்த் திரும்பினா, போன சால் துவரையும் வந்த சால் துவரையும் பக்கத்துல பக்கத்துல குந்திக்கினு கதை பேசும், அடுத்த பக்கம் பதினாறு சால் கேழ்வரகு அனாதையா நிக்கும். நடுக்குழாயை அடை. அஞ்சாவது. போ, உள்ள பாட்டிகிட்ட பழந்துணி கேளு. எதுக்குன்னு கேட்டா, மிசினுக்கு வாய்க்கட்டுன்னு சொல்லு.