தவழும் பிள்ளை கேட்கிறான் தம்பி!

கே: மொபைலில் மைன்கிராஃப்ட் விளையாடிவிட்டு, ‘ஆக்சலாட்டில் வேணும்’ என்று பையன் உயிரை எடுக்கிறான். நம் ஊரில் வளருமா? (ஒரு தாய், இத்தலார், நீலகிரி)

ப: நம் ஊரில்தான் அம்மா வளரும்! தண்ணீரிலேயே வாழும் இந்தச் சாலமாண்டருக்கு 16 முதல் 18 டிகிரி தண்ணீர் வேண்டும். சென்னைக்காரர் சில்லர் மாட்டி, பிராணியோடு கரண்ட் பில்லையும் சேர்த்து வளர்க்கிறார். உங்களுக்கு வீட்டில் வெயில் படாத மூலை போதும். ஆனால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்களில் அழிவின் விளிம்பில் நிற்கும் பிராணி இது. அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால், 2022 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்துதான் வளர்க்க வேண்டும். ரேஷன் கார்டில் மட்டும்தான் பெயர் சேர்க்க வேண்டியதில்லை.

கே: முட்டையாக வாங்கினால் மலிவாமே சார்? (அந்த மகனேதான்)

ப: முட்டை மலிவுதான் தம்பி, பொரிந்த பிறகுதான் செலவு. ஒரு தாய் சில நூறு முட்டை இடும். இட்டவுடன் பெரியவர்களை வேறு தொட்டிக்கு மாற்று, இல்லையேல் பெற்றவளே தின்றுவிடுவாள். ஜெல்லி உருண்டைக்குள் இருக்கும் கறுப்புப் புள்ளி மெல்ல நீண்டு, இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சென்டிமீட்டர் குஞ்சாக வெளியே வரும். முதல் இரண்டு மூன்று நாள் வயிற்று மஞ்சள் கருவே சாப்பாடு. அப்புறம் துரைக்கு அசைகிற இரைதான் இறங்கும். அதனால் நீ தினமும் உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா என்ற குட்டி இறாலின் முட்டையைப் பொரிக்க வைக்க வேண்டும். முட்டையில் வந்ததற்குச் சோறு போட இன்னொரு முட்டை!

தவளைக் குஞ்சுக்குப் பின்னங்கால் முதலில் முளைக்கும், இதற்கு முன்னங்கால். அது முளைத்ததும் பக்கத்துச் சகோதரன் அதைக் கடிப்பான். ஆளுக்கொரு டம்ளரில் தனிக்குடித்தனம் வைத்துவிடு. கடிபட்ட கால் மறுபடி வளர்ந்துவிடும். சொத்துத் தகராறில் கைகலக்கும் நம் அண்ணன் தம்பிகளுக்கு அந்த வசதி இல்லை.

கே: ஓடைத் தண்ணீர் ஊற்றலாமா? குளோரின் இல்லையே! (தாத்தா, அதே வீடு)

ப: குளோரின் இல்லை ஐயா, மேலே தேயிலைத் தோட்டம் இருக்கிறதே! கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு மழையோடு இறங்கினால், தோலால் தண்ணீர் குடிக்கும் பிராணி தாங்காது.

கே: மிச்சக் குஞ்சுகளை எமரால்டு அணையில் விட்டுவிடலாமா? (மறுபடி தாய், களைத்துப்போய்)

ப: கூடவே கூடாது. சோச்சிமில்கோவில் சாப்பாட்டுக்கென்று விட்ட கெண்டையும் திலாப்பியாவும்தான் ஆக்சலாட்டிலின் குடியைக் கெடுத்தன. நம் மலையிலும் வெள்ளைக்காரர் தூண்டில் ஆசைக்கு டிரவுட் மீன் வந்தது. அவலாஞ்சியில் 1907-லேயே அதற்குக் குஞ்சுபொரிப்பகம் வைத்தார்கள். வந்த விருந்தாளிகள் போதும்.

கே: எங்கள் வேலியில் சாலமாண்டர் வெயில் காய்கிறது. பிடித்து வளர்க்கலாமா? (பக்கத்து வீட்டுக்காரர்)

ப: செதிலும் நகமும் இருந்தால் அது ஓணான் ஐயா. இந்தியாவில் சாலமாண்டர் பார்க்க டார்ஜிலிங் பக்கமோ வடகிழக்குக்கோ போக வேண்டும். முட்டை ஆசை விடவில்லை என்றால், உங்கள் வேலியிலேயே மழை இரவில் ‘டிக் டிக்’ என்று கத்தும் புதர்த்தவளை இருக்கிறது. குளமே தேடாமல் ஈரத் தரையில் முட்டையிடும். வால் நீட்டி நீந்தும் பருவமெல்லாம் முட்டைக்குள்ளேயே முடிந்து, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக முழுத் தவளையே வெளியே குதிக்கும். தொடாமல் வாசலில் நின்று கேளுங்கள். டார்ச்சோடு தேயிலைக்குள் இறங்கினால், காட்டெருமைக்குக் கம்பெனி பொறுப்பல்ல.