கேளுங்கள், கழற்றிப் பார்ப்போம்!

கே: பான்-டில்ட் யூனிட் என்றால் என்ன? (கல்லூரி மாணவர், திருச்சி)

ப: இரண்டு மோட்டார், இரண்டு அச்சு. இடவலமாகத் திருப்புவது பான், குனிந்து நிமிர வைப்பது டில்ட். மேலே ஏற்றுவது கேமராவோ ஆன்டெனாவோ, அது உங்கள் பாடு.

கே: யூனிட்டில் '10 கிலோ தாங்கும்' என்று போட்டிருக்கிறது. நான் ஏற்றியது 8 கிலோதான். ஆனாலும் டில்ட் கியர் பல் உடைந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (சிசிடிவி மெக்கானிக், தூத்துக்குடி)

ப: இல்லை. 10 கிலோவைப் பெரிதாகப் போட்டவர்கள், அது அச்சிலிருந்து எவ்வளவு எட்டத்தில் என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் பெரிதாகப் போட வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் தெருக்கோடி வரை நடக்கலாம்; கையை நீட்டிப் பிடித்தால் வாசற்படி தாண்ட முடியாது. குடம் அதே குடம்தான்!

கணக்கைப் பாருங்கள். உங்கள் 8 கிலோவின் எடை மையம் அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால் டில்ட் கியரின் மேல் விழும் முறுக்கு விசை சுமார் 4 நியூட்டன் மீட்டர். நீள லென்ஸ், வைப்பர், ஐஆர் விளக்கு எல்லாம் முன்பக்கம் சேர்ந்து மையம் 15 செ.மீ. போய்விட்டால் அது சுமார் 12. எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை, கியருக்கு மட்டும் மூன்று மடங்கு பாரம்.

இனி இப்படிச் செய்யுங்கள். லென்ஸ், கண்ணாடி, ஒயர் எல்லாவற்றையும் பொருத்திய பிறகு ஹவுசிங்கை ஒரு உருண்டைக் குழாயின் மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோடு டில்ட் அச்சுக்கு நேராக வர வேண்டும். மேல்தட்டில் துளைகளை நீளவாக்கில் வெட்டியிருப்பதே இப்படித் தள்ளிப் பொருத்தத்தான். மையம் அச்சுக்கு மேலே 10 செ.மீ. உயரத்தில் இருந்தால், 45 டிகிரி குனிந்ததும் அதில் 7 செ.மீ. முன்னால் வந்துவிடும். அதனால்தான், கனமான கேமராவுக்குப் பக்கவாட்டில் மாட்டும் யூனிட்டையே நான் எப்போதும் சொல்வேன்.

கே: வெள்ளை யூனிட் நல்லதா, கறுப்பா? (வாசகி, சேலம்)

ப: வெயிலில் நிற்கப் போகிறது என்றால் வெள்ளை.

கே: தெர்மல் கேமராவின் விலையைப் பார்த்தால், அதை ஏற்றிச் சோதிக்கவே கை நடுங்குகிறது. (ஆய்வக உதவியாளர், கோவை)

ப: கேமராவை ஏன் ஏற்றுகிறீர்கள்? ஜிம்மில் தூக்கும் இரும்புத் தட்டுகளை ஏற்றுங்கள். மொத்த எடையும் மைய உயரமும் கேமராவை ஒத்திருந்தால் போதும். யூனிட்டை மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, முதலில் வெறுமனே ஓட்டி மோட்டார் இழுக்கும் கரண்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாரத்தோடு ஓட்டுங்கள். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றுமாக மீட்டர் காட்டினால் சமநிலை சரியில்லை. மறுபடியும் சாக்பீஸை எடுங்கள். பாதிச் சாய்வில் மின்சாரத்தைத் துண்டித்தும் பாருங்கள். வார்ம் கியர் என்றால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பெல்ட் என்றால் தலை தொங்கிவிடக்கூடும்.

மேசையில் தேறியது மாடியிலும் தேறும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே காற்று இருக்கிறது. கட்டடங்களுக்கான ஐஎஸ் 875 விதிநூல் சென்னைக்குச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். ஹவுசிங்கின் பக்கவாட்டுப் பரப்பு 0.1 சதுர மீட்டர்தான் என்றாலும் 15 கிலோவைக் கட்டி இழுப்பதற்குச் சமம். பிராக்கெட்டை வாங்கும்போது இந்த 15-ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேனே. தெர்மல் கேமராவின் ஹவுசிங்குக்குச் சாதாரணக் கண்ணாடி ஆகாது. உடல்சூட்டுக் கதிர் அதைத் தாண்டாது. ஜெர்மேனியம் ஜன்னல் வேண்டும்.

கே: ஜாயிண்டில் இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதாதா? (எலக்ட்ரீஷியன், மதுரை)

ப: போதாது, போதாது, போதாது! வெளியில் ஜாயிண்டே கூடாது. தவிர்க்க முடியாவிட்டால் நீர் புகாத பெட்டி.

கே: பான் மட்டும், டில்ட் மட்டும் என்றால் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ரீசெட் ஆகிறது. சப்ளை 24 வோல்ட் டிசி, 50 மீட்டர் தள்ளி. (ஆலைப் பராமரிப்பு ஊழியர், ஓசூர்)

ப: யூனிட்டைக் கழற்றாதீர்கள், குற்றவாளி ஒயர். 1 சதுர மி.மீ. செம்பு ஒயர், போக வர 100 மீட்டருக்குச் சுமார் 1.7 ஓம். இரண்டு மோட்டாரும் சேர்ந்து 3 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் வழியிலேயே காலி, யூனிட்டுக்குக் கிடைப்பது 19. அதையே 2.5 சதுர மி.மீ. ஆக்கினால் இழப்பு 2 வோல்ட்தான். இரண்டு மோட்டாரும் ஓடும்போது யூனிட் டெர்மினலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். சப்ளையின் வாயில் வைத்துப் பார்ப்பது வீண்.

கே: ஒரே ஆர்எஸ்-485 லைனில் ஆறு யூனிட். கடைசி யூனிட் சொன்ன பேச்சு கேட்பதில்லை. (சூப்பர்வைசர், திருப்பூர்)

ப: நட்சத்திரம் போல் கிளை பிரித்திருந்தால் அதை மாற்றுங்கள். ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று லைன் போக வேண்டும். இரு முனையிலும் 120 ஓம். நடுவில் எங்கும் கூடாது. பிறகு ஏ, பி மாறியிருக்கிறதா, முகவரி சரியா என்று பாருங்கள். பெல்கோ-டி கட்டளையின் ஏழு பைட்டில் இரண்டாவதே முகவரி. அது பொருந்தாவிட்டால் மீதியை யூனிட் சட்டை செய்யாது.

கே: பேருந்து நிலையத்தில் 9 மீட்டர் கம்பம். பாதுகாப்புக் கம்பி வீண்செலவு என்கிறார் முதலாளி. நான் உதவியாள்தான், என்ன சொல்வது? (கடலூர்)

ப: தம்பி, இதைச் சொல்லுங்கள். அந்த உயரத்திலிருந்து விழும் யூனிட் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 48 கி.மீ. கீழே நிற்பவர் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே பார்க்க மாட்டார். பிராக்கெட்டை நம்பாமல் யூனிட்டிலிருந்து நேராகக் கம்பத்துக்கு ஒரு ஸ்டீல் கயிறு, ஹவுசிங்கிலிருந்து யூனிட்டுக்கு இன்னொன்று. இந்த இரண்டும் இல்லாமல் கீழே ஆட்களை நடக்க விடாதீர்கள்.

உங்களுக்கும் ஒன்று. ஏறுமுன் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் பல, கரண்ட் வந்ததும் தன்னைச் சோதிக்கத் தானே முழுச் சுற்று சுற்றும். உங்கள் விரல் அதற்குத் தெரியாது. ஹார்னஸ் தராமல் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். வேலை போனால் வேறு வேலை தேடலாம்.

கே: மழைக்காலத்துக்கு முன் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது? (வாசகர், நாகப்பட்டினம்)

ப: கேபிள் கிளாண்டை விரலால் திருகிப் பாருங்கள். சுழன்றால், மூடியைத் திறக்கும்போது துணி ஒன்று கையில் இருக்கட்டும்.