ஹீட்டர் மெக்கானிக்கின் கூலி நிர்ணயம்: ஐயம்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் உள்ள நெசவு ஊர் ஐயம்பேட்டை. அங்கே தனியாளாகத் தொழில் செய்யும் வாட்டர் ஹீட்டர் மெக்கானிக் தன் கூலியை எப்படி நிர்ணயிக்கிறார் என்பதே இவ்வாய்வின் பொருள். இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டும் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவை.

முதற்கண் இயற்பியல். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, 2 கிலோவாட் காயிலுக்குச் சுமார் 18 நிமிடம் போதும். முக்கால் யூனிட்கூட ஆகாது. போர் தண்ணீரின் உப்பு காயில்மேல் ஓடு கட்டிவிட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் காயிலையே தின்னும். ஒருநாள் எம்சிபி விழும். மெக்கானிக்குக்கு போன் போகும்.

மார்கழியில்தானே தொழில் சூடு பிடிக்க வேண்டும்? கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீட்டு ஆண்கள் அந்த மாதத்திலும் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். சந்தைப் பொருளாதாரம் இதற்கு விளக்கம் தருவதில்லை.

இனி மையச் சிக்கல். நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கு. பத்து நாளில் அறுத்தாலும் இருபது நாள் இழுத்தாலும் தொகை ஒன்றே. குழித்தறிக்குள் மணிக்கணக்கு நுழைந்ததே இல்லை. அப்படிப்பட்டவர் குளியலறை வாசலில் நின்று, "ஏம்ப்பா, பத்து நிமிஷ வேலைக்கு நானூறா?" என்று கேட்கும் கணத்தில் மணிக்கணக்குக் கட்சிக்குத் தாவிவிடுகிறார்.

ஆகவே, அனுபவமுள்ள மெக்கானிக் பத்து நிமிடத்தில் முடிப்பதில்லை. பழைய தினத்தந்தியைத் தரையில் விரித்து, டேங்கிலிருந்து சுரண்டிய உப்பை அதில் குவிக்கிறார். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு தட்டுத் தட்டி, "பாருங்கண்ணே, எவ்ளோ பாறை!" என்கிறார். குவியல் உயர உயரப் பேரம் தாழ்கிறது. வெடித்த காயிலையும் அங்கேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். கொண்டுபோனால் சந்தேகம் வரும்.

கூட வரும் பையனின் கூலிக்கு மட்டும் யாரும் முணுமுணுப்பதில்லை. கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியின் மறுபக்கம் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்பது அந்த வீடுகள் அறிந்த நியாயம். பையன் டார்ச் பிடித்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்பது ஆய்வாளரின் கண்ணுக்கு மட்டுமே பட்டது.

எதிர்த்திசைச் சான்று ஒன்றும் உண்டு. தங்கை கல்யாணத்துக்கு அதே நெசவாளி வீட்டில் பட்டு எடுக்க வந்த மெக்கானிக், விலையைக் கேட்டதும் சேலையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இத நெய்ய எத்தனை நாளாச்சுண்ணே?"