தங்கத்துக்குப் பத்து லட்சம், காதலுக்குப் பிரம்படி

கெடா தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமாருக்கு கிளப் இருந்தது. வசதியான கிளப்பில் நீச்சல் குளமும் இருந்தது. மிதக்கும் சருகை அள்ளியவன் நம்மாள். அதில் குளித்தால் வேலை போகும். துரை கப்பலேறிப் பல காலமாகிவிட்டது. தன்பாலுறவைத் தண்டிக்க அவன் விட்டுப்போன 377-ஆம் சட்டப்பிரிவை மட்டும் வெள்ளிக் குத்துவிளக்குபோல் துடைத்து வைத்திருக்கிறோம்.

இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படி வேறு. கேட்டால் நம் பண்பாடாம்! எழுதிக்கொடுத்த இங்கிலாந்தே 1967-இல் தன் சட்டத்தைத் தளர்த்திவிட்டது. இந்தியா 2018-இல். அதே 2018-இல்தான் திரெங்கானு ஷரியா நீதிமன்றத்தில், இதே காரணத்துக்காக, இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு ஆறு பிரம்படி. கூட்டம் உட்கார்ந்து பார்த்தது.

1998 செப்டம்பர், கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டி. பதினைந்து வயது ஆஸ்திரேலியப் பையன் இயன் தோர்ப் நீந்தி நான்கு தங்கம் அள்ளினான். எழுந்து நின்று கைதட்டினோம். தான் தன்பாலீர்ப்பாளர் என்று 2014-இல் அவர் சொன்னார். இப்போது என்ன செய்வது? குளத்தை வடித்து மஞ்சள்நீர் தெளிப்பதா?

அந்தப் போட்டி முடிவதற்கு முதல்நாள்தான் முன்னாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் கைதானார். பிறகு பாய்ந்தது இதே சட்டம். சதி என்றார். சிறையிருந்தார், மன்னிப்புப் பெற்றார், 2022-இல் பிரதமரானார். சட்டத்தைத் தூக்குவார் என்று நினைத்தீர்களா? 2023 ஜனவரியில், தன் ஆட்சியில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு அங்கீகாரமே கிடையாது என்று அறிவித்தார். பட்டவர் சொன்னது இது.

2019-இல் நம் சுற்றுலா அமைச்சர் பெர்லினில் சொன்னது இன்னும் அழகு: மலேசியாவில் அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லையாம். இல்லாதவர்களுக்கு எதற்கய்யா இருபது ஆண்டு?

2023 மே மாதம் உள்துறை அமைச்சு கடை கடையாய் ஏறி, தன்பாலீர்ப்பாளர் அடையாளம் என்று 172 வானவில் கைக்கடிகாரங்களைப் பிடித்தது. திருப்பிக் கொடு என்று 2024-இல் நீதிமன்றம் சொன்னது. படை, வண்டி, வழக்கு எல்லாம் நம் வரிப்பணம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லித்தரக் கேட்டால் மட்டும் பட்ஜெட் இல்லை.

நாமும் லேசுப்பட்டவர்களில்லை. சுங்கை பட்டாணிச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, நடை கொஞ்சம் நளினமான பையனைப் பார்த்து 'பொண்டான்' என்று சிரிப்பது யார்? அமைச்சரா?

ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் அரசாங்கம் பத்து லட்சம் ரிங்கிட் தரும். வென்றவர் வீட்டில் யாரோடு வாழ்கிறார் என்று எட்டிப்பார்ப்பது யார் வேலை? அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் இதைக் கேளுங்கள். பதில் வரும்வரை உட்காரச் சொல்லாதீர்கள்.