குடத்துக்குள் கை விட்ட பையன்

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இந்த வாரம் குடவோலைப் பாடம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தேர்தலைப் படித்து இந்தக் காலத்துப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது?
- ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: அந்தத் தேர்தலின் நாயகனே ஒரு சின்னப் பையன்தான், அம்மா! சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் (919, 921) பாருங்கள். முப்பது குடும்புகள், அதாவது வார்டுகள். பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில். உள்ளே இருப்பது யார் பெயர் என்று தெரியாத சிறுவன் ஒன்றை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதே! பிறகு எல்லோர் காதிலும் விழும்படி வாசிப்பார்கள்.

பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. இந்த ஒரு விதிக்காகவே பாடத்தை இரண்டு முறை நடத்தலாம்.

மறுபக்கத்தையும் மகளிடம் சொல்லுங்கள். இந்தத் தேர்தலை நடத்தியது பிராமணர் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள, 35 முதல் 70 வயது வரையிலான ஆண்களுக்குத்தான் இடம். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் இல்லை. வகுப்பில் அவள் அதைப் பற்றிக் கேள்வி கேட்டால் ஆசிரியர் நிச்சயம் மகிழ்வார்.

உத்திரமேரூர் உங்களுக்குப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய், சுவரில் உள்ள அந்த எழுத்துகளைக் காட்டுங்கள்.