டீக்கடைப் பற்றின் ஆயுள்: ஒரு சட்ட ஆராய்ச்சி

கடன் எப்போது காலாவதியாகும் என்று எழுதியவர்கள் எல்லோரும் அடமானம், புரோநோட்டு, டிக்ரி என்று கனமான சமாச்சாரங்களோடு நின்றுவிட்டார்கள். "எழுதிக்குங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் குடித்த டீ, சட்டத்தின் பார்வையில் எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? அறிவுலகம் இதில் காட்டும் மௌனம் சந்தேகத்துக்குரியது. அறிஞர்களுக்கும் எங்கேயோ பற்று இருக்க வேண்டும்.

நமக்கு மூல நூல் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதன் அட்டவணையில் 8ஆம் இனம், ஓட்டல்காரர் விற்ற உணவு, பானத்தின் விலைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு தருகிறது. எப்போதிலிருந்து? பண்டத்தைக் கையில் கொடுத்ததிலிருந்து. அதாவது நுரை அடங்குவதற்குள் காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது. கொடுத்த நாளை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2022 ஜூன் 15 அன்று குடித்த டீ 2025 ஜூன் 15 வரை தாங்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை, கோர்ட் கிடையாது. ஆகவே திங்கட்கிழமையும் வழக்குப் போடலாம்.

ஒரு பாய்லரும் இரண்டு பெஞ்சும் உள்ள இடம் ஓட்டல் ஆகுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்கலாம். ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அது சாதாரணச் சரக்கு விற்பனை. 14ஆம் இனத்துக்குப் போகும். அங்கேயும் சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான். உணவிலும் பானத்திலும் சேராத பீடிக்கட்டுக்கும் அதே கதி. பஜ்ஜிக்கும் பீடிக்கும் சட்டத்தில் வித்தியாசம் கண்டுபிடித்துப் பெயர் வாங்கலாம் என்ற ஆய்வாளரின் ஆசை இந்த இடத்தில் மண்ணாகிப் போனது.

இதில் கடைக்காரர்கள் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. ஒவ்வொரு டீக்கும் தனித்தனிக் கெடு. பற்று மொத்தமாகச் சாவதில்லை. தினம் ஒரு டீ, சில நாள் ஒரு வடையையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, காலாவதியாகிறது. வாடிக்கையாளரே கடைக்குப் பால் ஊற்றுபவராகவும் இருந்தால் கதை வேறு. இரு பக்கமும் கொடுக்கல் வாங்கல் நடப்பதால் அது 1ஆம் இனத்தின் பரஸ்பர நடப்புக் கணக்கு. கடைசிப் பதிவு விழுந்த கணக்காண்டு முடிந்த பிறகுதான் மூன்று ஆண்டு தொடங்கும். கடன் சொல்ல நினைப்பவர் மாடு வளர்க்காமல் இருப்பது நல்லது.

செத்துக்கொண்டிருக்கும் கடனுக்கு ஆயுள் நீட்டிப்பு உண்டு. புரோநோட்டு ஆசாமிகளுக்கு இது தலைகீழ்ப் பாடம். மூன்றாம் ஆண்டு முடியப்போகும்போது ஆளைப் பிடித்து, நூறு ரூபாயாவது வாங்கி, நோட்டின் பின்பக்கம் வரவு வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு. பணமே தராமல் "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் அதே பலன், கெடுவுக்குள் நடந்தால். டீக்கடையிலோ சணலில் தொங்கும் நோட்டில் "நீலச்சட்டை 2 டீ, 1 பஜ்ஜி" என்றுதான் இருக்கும். கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைக் கட்ட முடியாது என்பது சாட்சியச் சட்டம். நீலச்சட்டை இதற்குள் வெள்ளைச்சட்டைக்கு மாறியிருப்பார். கையெழுத்துக் கேட்டாலோ, "நமக்குள்ள என்ன அண்ணாச்சி கையெழுத்து?" என்பார். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டால் செல்லாது என்பது தெரிந்துதான் சொல்கிறாரோ என்னவோ.

ஊரை விட்டு ஓடுபவர்களுக்கும் சட்டம் ஒரு வழி காட்டுகிறது. கடன்பட்டவர் இந்தியாவுக்கு வெளியே இருக்கும் காலம் கெடுவில் சேராது. துபாய்க்குப் போனவரின் டீ அவர் திரும்பும்வரை அப்படியே இளமையோடு காத்திருக்கும். திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் சேர்ந்தவருக்கு ஒவ்வொரு நாளும் லாபம். வெறும் 12 ரூபாய்க்கு விமானம் ஏறுவது எந்த வகையிலும் கட்டாது. கொரோனா காலத்துக் கடன்களுக்கு மட்டும் தனி வாழ்வு: 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாள்களைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

சரி, மூன்று ஆண்டு கடந்துவிட்டது. இனி வழக்கு நிற்காது. கடன்பட்டவர் வெட்கப்பட்டுச் சும்மா இருந்தாலும், காலம் கடந்த வழக்கைக் கோர்ட் தானாகவே தள்ளுபடி செய்தாக வேண்டும். ஆனால் கடன் அழிந்துவிடாது. வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. காலம் கடந்த கடனைக்கூடத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அதைச் செல்லும் ஒப்பந்தமாக ஏற்கும்.

அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு இதைவிட நயமானது. பல பாக்கி வைத்திருப்பவர், எந்தப் பாக்கிக்கு என்று சொல்லாமலும், சூழ்நிலையிலிருந்து தெரியாமலும் பணம் கொடுத்தால், வாங்குபவர் தம் விருப்பப்படி காலாவதியான பழைய பாக்கியிலேயே அதை வரவு வைத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய பற்றுள்ளவர் கல்லாவில் நூறு ரூபாயை நீட்டும்போது, "இது இந்த மாசம் குடிச்ச டீக்கு மட்டும், மூணு வருசத்துக்கு முந்தினதுக்கு இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு அதே கடையில் மறுநாளும் டீ குடிக்க வந்தவர் எவரும் இந்த ஆராய்ச்சிக்குக் கிடைக்கவில்லை.