பாகையில் பேசும் வரைபடம்

கேள்வி: பாரிசுக்கு அருகிலுள்ள எபினே-சூர்-செய்னிலிருந்து பாரிசின் லா சப்பலுக்கு எவ்வளவு தூரம் என்று கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளைக் கேட்டேன். ‘0.08’ என்கிறது! நடந்தே போய்விடலாமா?

பதில்: செருப்பை மாட்டாதீர்கள்! அது கிலோமீட்டர் இல்லை, பாகை. வரைபடம் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் இருந்தால் விடையும் அப்படி வரக்கூடும். ஒரு பாகை 111 கிலோமீட்டர்தானே என்று அதை எடுத்தவுடன் 111ஆல் பெருக்கிவிடவும் வேண்டாம். கிழக்கு மேற்காக ஒரு பாகை யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர், பாரிசில் 73தான். வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குகின்றன. பிரான்சுக்கென்றே இருக்கும் லாம்பெர்-93 என்ற ஆயமுறைக்கு வரைபடத்தை மாற்றி அளந்து பாருங்கள், மீட்டரில் சொல்லும்: நேர்கோட்டில் எட்டுக் கிலோமீட்டர் சொச்சம்.

அதற்கும் முன்னால், எங்கிருந்து எங்கே என்று முடிவு செய்யுங்கள். ஊர் என்பது புள்ளியல்ல, பரப்பு. எல்லைக்கு எல்லை அளந்தால் எபினேக்கும் பக்கத்து வில்த்தனூசுக்கும் தூரம் பூச்சியம்! நடுவுக்கு நடு அளந்தால் வேறு விடை. நானாக இருந்தால் உங்கள் வீட்டு வாசலில் ஒரு புள்ளி, லா சப்பல் மாணிக்க விநாயகர் கோயில் வாசலில் ஒரு புள்ளி வைப்பேன். லா சப்பலிலிருந்து காய்கறிப் பையோடு திரும்பும் உங்கள் அம்மாவுக்கு அந்தத் தூரம்தான் கணக்கு. ஆனால் அவர் வருவது நேர்கோட்டில் அல்ல, கார் து நோர் நிலையத்தில் ஏறி, எச் வழித்தட ரயிலில், தண்டவாளம் வளைகிற வழியெல்லாம் வளைந்து.